லாகரிதம் யாருடையது? அல்-குவாரிஸ்மி முதல் சிவகாசிச் சரவெடி வரை



நம் பகுதியில் நடைபெறும் கல்வி விழா மேடைகளில் ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் பயிலும் 'லாகரிதம்' என்னும் மடக்கைக் கணக்கைக் கண்டறிந்தவர் அல்-குவாரிஸ்மி என்றும், அச்சொல்லே அவருடைய பெயரின் திரிபு என்றும் பேசுவோர் முழங்குகின்றனர். கைதட்டலும் எழுகிறது. ஆனால் இது இரண்டு சொற்களைக் குழப்பியதால் வந்த பிழை. அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் 'அல்காரிதம்'. 'லாகரிதம்' வேறொரு நாட்டில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கிரேக்கச் சொற்கள் இரண்டைக் கூட்டி ஆக்கப்பட்டது. ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் அதே ஒன்பது எழுத்துகள்தாம், வரிசை மட்டும் வேறு. குழப்பம் எளிதில் நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறருடைய உழைப்பை நம் முன்னோரின் கணக்கில் எழுதிக்கொள்வதால் முன்னோருக்குப் பெருமை சேர்வதில்லை. மாறாக, அவர்கள் உண்மையாகச் செய்தது மறைந்துபோகிறது. அறிவும் ஓர் அமானிதம் என்பதால் இக்கணக்கின் வரலாற்றை, யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்தறிந்து, சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அல்-குவாரிஸ்மி ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா மஃமூனின் காலத்தில், பக்தாதில் வாழ்ந்தவர். கி.பி. 820-ஐ ஒட்டி அவர் எழுதிய 'அல்-ஜப்ர் வல்-முகாபலா' என்னும் நூலின் பெயரிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்ற சொல் வந்தது. தெரியாத ஓர் அளவை 'ஷைஃ', அதாவது 'ஒரு பொருள்' என்று பெயரிட்டு, சமன்பாட்டின் ஒரு புறத்தில் கழிபடுவதை மறுபுறம் சேர்த்து நிறைவாக்கி, இருபுறமும் பொதுவானதை நீக்கி, இறுதியில் அப்பொருளைத் தனியே நிறுத்துவதே அவர் வகுத்த முறை. சமன்பாடுகளை ஆறு வடிவங்களாக அவர் பிரித்தார். எத்தகைய கணக்கையும் இவ்வாறில் ஒன்றுக்குக் கொண்டுவந்து தீர்க்கலாம் என்று எடுத்துக்காட்டுகளோடு விளக்கினார். நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே (ஃபராயிழ்) ஒதுக்கப்பட்டிருப்பது நம் கவனத்துக்குரியது. மரணித்தவரின் சொத்தில் மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, வஸிய்யத்துக்கு எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு எழும் கேள்விக்கு விடைதரவே அந்த 'ஷைஃ' அங்கே பெரிதும் பயன்பட்டது.

ஆயினும் அந்த ஆறு வடிவங்களுக்குள் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. அதைச் சதுரங்கக் கதை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியிருக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேர்த்து எத்தனை மணிகள்? அபூ ரைஹான் அல்-பீரூனி (கி.பி. 973–1048) இக்கணக்கை எடுத்துக்கொண்டு, 64 முறை இரட்டிக்காமலேயே விடை கண்டார். அவர் கையாண்ட விதி இதுதான்: ஒரு கட்டத்திலுள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், அக்கட்டத்தின் வரிசையை இருமடங்காக்கி ஒன்று குறைத்த கட்டத்தின் எண் கிடைக்கும்.

சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் கட்டத்தில் 4. அதன் வர்க்கம் 16, அது ஐந்தாம் கட்டத்து எண். 16-இன் வர்க்கம் 256, ஒன்பதாம் கட்டம். அதன் வர்க்கம் 65,536, பதினேழாம் கட்டம். மீண்டும் வர்க்கம் 4,294,967,296, முப்பத்து மூன்றாம் கட்டம். இன்னும் ஒருமுறை வர்க்கமாக்கினால் பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்துக்குப் போய்விடுவோம். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 கட்டங்களின் கூட்டுத்தொகை: 18,446,744,073,709,551,615. ஐந்தே பெருக்கல்கள்!

இங்கே நடந்தது என்ன? மேலே எண்கள் பெருக்கப்படும்போது கீழே கட்ட வரிசைகள் கூட்டப்படுகின்றன. பெருக்கல் கூட்டலாக மாறும் இந்த உறவே மடக்கையின் விதை. அல்-பீரூனிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அஸ்-ஸமவ்அல், 'அல்-பாஹிர்' என்னும் தம் நூலில் அடுக்குகளை ஒரு பட்டியலாக அமைத்து, ஒன்றுக்கு மேலேயும் கீழேயும் இருபுறமாக எழுதி, இரண்டு அடுக்குகளைப் பெருக்கும்போது அடுக்கெண்கள் எவ்வாறு கூடுகின்றன என்பதைத் தெளிவாகவே காட்டினார். பத்தொன்பது வயதில் எழுதிய நூல் அது. பக்தாதில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தை ஏற்ற மருத்துவர் அவர்.

விதை என்று சொன்னேன். மரம் என்று சொல்லவில்லை. இதைவிடப் பழைய விதைகளும் உண்டு. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் பெரும் எண்களை வரிசைப்படுத்தும்போது இவ்வுறவைக் குறிப்பிட்டிருக்கிறார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியும் என்ற அளவுக்கு 'அர்த்தச்சேதம்' என்று பெயரிட்டு, அதன் விதிகளையும் எழுதியவர் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமண ஆசாரியர் வீரசேனர். அவர் இயற்றிய 'தவளா' உரையின் ஓலைச்சுவடிகள் கர்நாடகத்தின் மூடபித்ரியில் பாதுகாக்கப்பட்டு வந்தன. அல்-குவாரிஸ்மியும் வீரசேனரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர் என்பது வியப்புக்குரிய பொருத்தம்.

எகிப்தின் வானியலாளர் இப்னு யூனுஸ் பெயரையும் இங்கே சிலர் இழுப்பதுண்டு. இரண்டு கொசைன்களின் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் சூத்திரம் அவருடையது என்று பல நூல்கள் எழுதிவிட்டன. ஆனால் அவருடைய மூலநூலை ஆராய்ந்தவர்கள் அதில் ஐயம் எழுப்பியுள்ளனர். ஐயமுள்ளதை ஐயமுள்ளதாகவே விட்டுவிடுவது நல்லது.

இனி, விதையிலிருந்து மரம் வளர்ந்த கதை. சதுரங்கக் கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: எந்தக் கட்டத்தில் மணிகளின் எண்ணிக்கை முதன்முதலாக ஒரு இலட்சத்தைத் தாண்டும்? இப்போது தெரியாத அந்த 'ஷைஃ' தரையில் நிற்கவில்லை, இரண்டின் தலைமேல் அடுக்காக ஏறி அமர்ந்திருக்கிறது. கூட்டியோ கழித்தோ வகுத்தோ வர்க்கமூலம் கண்டோ அதைக் கீழே இறக்க முடியாது. இறக்குவதற்கு ஓர் ஏணி வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் அடுக்கு என்னவென்று முன்கூட்டியே கணித்து வைத்த அட்டவணையே அந்த ஏணி.

அதைச் செய்தவர் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் (1550–1617). எடின்பரோவுக்கு அருகிலுள்ள மெர்ச்சிஸ்டன் கோட்டையின் உரிமையாளர், பக்தியில் தீவிரமான கிறித்தவர். பைபிளின் இறுதி நூலுக்கு 1593-இல் அவர் வெளியிட்ட விளக்கமே தம் வாழ்நாளின் முதன்மையான பணி என்று கருதியவர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியே அமர்ந்து கணித்து 1614-இல் (ஹிஜ்ரி 1023) வெளியிட்ட மடக்கை அட்டவணைக்காக. விகிதம் என்று பொருள்படும் 'லோகோஸ்', எண் என்று பொருள்படும் 'அரித்மோஸ்' ஆகிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'லாகரிதம்' என்ற பெயரை ஆக்கியவரும் அவரே. சுவிட்சர்லாந்துக்காரரான யோஸ்ட் பியூர்கி இதையொத்த அட்டவணையைத் தனியாகவே கணித்து, 1620-இல் பிராகாவில் வெளியிட்டார். பிந்தி வந்ததால் அவர் பெயர் மங்கியது.

நேப்பியரின் அட்டவணை இன்று நாம் அறிந்த வடிவத்தில் இல்லை. இலண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் 1615-இல் அவரைத் தேடிச் சென்று, பத்தை அடிமானமாகக் கொண்டால் எளிதாகும் என்று பேசி, இருவரும் ஒத்துக்கொண்டனர். ஒன்றின் மடக்கை 0, பத்தின் மடக்கை 1, நூறின் மடக்கை 2. பிரிக்ஸ் 1624-இல் வெளியிட்ட நூலில் 1 முதல் 20,000 வரையும் 90,000 முதல் 1,00,000 வரையும் உள்ள எண்களுக்குப் பதினான்கு தசம இடங்கள் வரை மடக்கை கண்டிருந்தார். அத்தனையும் கையால் கணித்தவை. நம் ஊர்த் தேர்வறைகளில் 'கிளார்க்ஸ் டேபிள்' என்று மாணவர் கைகளில் புழங்கிய மெல்லிய புத்தகம் இந்த உழைப்பின் பேரப்பிள்ளை.

இலட்சத்தைத் தாண்டும் கட்டத்தை இப்போது கண்டுவிடலாம். இலட்சத்தின் மடக்கை 5. இரண்டின் மடக்கை 0.3010. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 16.61. முதல் கட்டத்தில் இரட்டிப்பு இல்லாததால் ஒன்றைக் கூட்டினால் 17.61. ஆகவே பதினெட்டாம் கட்டம். அங்கே 1,31,072 மணிகள். தலைமேல் ஏறியிருந்த 'ஷைஃ' ஒரே ஒரு வகுத்தலில் தரைக்கு வந்துவிட்டது.

முஸ்லிம் உலகம் இந்த அட்டவணையைப் பின்னர் மேற்கிலிருந்துதான் பெற்றது. உதுமானியப் பேரரசின் கணித அறிஞர் கெலென்பெவி இஸ்மாயில் எஃபெந்தி (இறப்பு 1791) மடக்கையை விளக்கி எழுதியவர்களில் ஒருவர். பிறர் கண்டதைக் கற்பதில் அவருக்கு எவ்விதக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. கிரேக்க, இந்திய நூல்களைத் தேடித் தேடி மொழிபெயர்த்த பைத்துல் ஹிக்மாவின் வழியும் அதுவே. 'சைன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தின் 'ஜ்யா' அரபியில் 'ஜீபா' ஆயிற்று. உயிர்க்குறியில்லாமல் எழுதப்பட்டதால் பின்னர் அது 'ஜைப்' என்று வாசிக்கப்பட்டது. ஜைப் என்றால் சட்டையின் மார்பு மடிப்பு. இலத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் மடிப்பு என்ற பொருளிலேயே 'சைனஸ்' என்று எழுதிவிட்டார்கள். மூன்று நாகரிகங்களின் கைரேகை படிந்த சொல் அது.

மடக்கையும் சைனும் சேர்ந்து தமிழ் மண்ணில் ஒரு பெரும்பணியைத் தொடங்கிய ஆண்டு 1802. அவ்வாண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே, ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை அங்கிருந்தே புறப்பட்டது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளப்பார்கள். மூன்று கோணங்களை தியோடலைட் என்னும் கோணமானியால் காண்பார்கள். மற்ற இரு பக்கங்களும் கணக்கில்தான் கிடைக்கும். அளந்த பக்கத்தின் மடக்கையோடு ஒரு கோணத்தின் சைன் மடக்கையைக் கூட்டி, இன்னொரு கோணத்தின் சைன் மடக்கையைக் கழித்தால் வருவது, தெரியாத பக்கத்தின் மடக்கை. அட்டவணையில் திருப்பித் தேடினால் பக்கமே கிடைத்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே முக்கோணத்தின் மேல் முக்கோணம்.

இந்த அளவையின் முதுகெலும்பு 78ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டிக் குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே சென்றது. காரியாபட்டி வட்டத்திலுள்ள நம் மல்லாங்கிணறும் ஏறத்தாழ அதே தீர்க்கக்கோட்டில் அமைந்த ஊர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு பிசகி, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி அதன் வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து ஆறு வாரங்கள் தம் கையாலேயே அதைத் தட்டிச் சீர்செய்தார். ஏனெனில் அட்டவணை பதினான்கு இடங்கள் வரை துல்லியமாக இருந்தாலும், கோணத்தில் நூலிழை பிசகினால் கிடைக்கும் விடை வேறொரு நாட்டின் நிலப்படமாகிவிடும்.

இங்கேதான் நாம் உண்மையாகவே பெருமை கொள்ளத்தக்க ஒருவர் வருகிறார். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் அளவைத் துறையின் கணிதக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்தவர். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட கருவிக் கலைஞர் ஹென்றி பரோ விலகிச் சென்ற பின், எவரெஸ்டின் வலுவான பரிந்துரையால் அவருடைய பணி இவரிடம் வந்தது. நுண்மையான கோணவட்டங்களைக் கையாளும் திறம் இந்நாட்டவருக்கு வாய்க்காது என்று எண்ணப்பட்ட காலம் அது. இமயத்தின் உச்சியை 29,002 அடி என்று உலகுக்கு அறிவித்த கணக்கில் வங்காளத்தின் ராதாநாத் சிக்தாரின் பெயர் இப்போது ஓரளவு பேசப்படுகிறது. ஆர்க்காட்டு மொஹ்சினின் பெயரோ நம் மேடைகளில்கூடக் கேட்பதில்லை. அல்-குவாரிஸ்மி செய்யாததை அவர் செய்ததாகச் சொல்லும் நேரத்தில், நம் மாவட்டங்களிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் பிறந்தவர் செய்ததைச் சொல்லியிருக்கலாம்.

கணிப்பொறி வந்தபின் அட்டவணைப் புத்தகங்கள் பரணுக்குப் போய்விட்டன. மடக்கை போகவில்லை. மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் வழியே தென்மேற்கில் சிவகாசிக்குப் போனால், அங்கே அது சட்டமாகவே நிற்கிறது.

1999 அக்டோபரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ்ப் பட்டாசுச் சத்தத்துக்கு வரம்பு விதித்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது. இது தனிவெடிக்கு. சரவெடிக்கு விதி வேறு: சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கையை 'ந' என்று கொண்டால், ஒவ்வொரு வெடிக்கும் உரிய வரம்பை 5 × லாக் ந அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். டெசிபெல் என்பதே மடக்கை அளவுதான். ஒலியின் செறிவு பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். நூறு மடங்கானால் 20. அதனால்தான் சட்டமும் அதே மொழியில் பேசுகிறது.

நூறு வெடிச் சரம் என்றால் நூறின் மடக்கை 2, ஐந்தால் பெருக்க 10. எனவே ஒவ்வொரு வெடியும் 115-க்குள் இருக்க வேண்டும். ஆயிரம் வெடிச் சரத்துக்கு 110. இது நேர்வழிக் கணக்கு. உற்பத்தியாளருக்கு வேண்டியதோ பெரும்பாலும் திருப்பிக் கேட்கும் கணக்கு. தம்மிடமுள்ள வெடி 118 டெசிபெல் சத்தமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எத்தனை கோத்துச் சரமாக்கலாம்? 125-இலிருந்து 118-ஐக் கழித்தால் 7. ஐந்தால் வகுத்தால் 1.4. இதுவே ந-இன் மடக்கை. எதிர்மடக்கை அட்டவணையில் .40 என்ற வரியில் 2512 என்று இருக்கும். முழுஎண் பகுதி 1 என்பதால் புள்ளியை இரண்டு இலக்கத்துக்குப் பின் வைத்தால் 25.12. ஆக 25 வெடிகள் வரை கோக்கலாம், 26-ஆவது வெடி விதிமீறல். அல்-குவாரிஸ்மியின் வழியில் கழித்தும் வகுத்தும் தெரியாததைத் தனியே நிறுத்தி, நேப்பியரின் ஏணியால் கீழே இறக்கிய விடை இது.

ஒன்றைக் கவனித்தால் சட்டத்தின் போக்கு புரியும். ஒரே அளவுச் சத்தமுள்ள வெடிகள் அனைத்தும் ஒரே கணத்தில் வெடித்தால் மொத்த அளவு 10 × லாக் ந ஏறும். சரத்தில் அவை அடுத்தடுத்தே வெடிக்கின்றன. விதி அதில் பாதியை மட்டுமே கழித்தது. அதாவது பத்து வெடியை நூறாக்கினாலும் தனிவெடியின் வரம்பு இன்னும் 5 டெசிபெல்தான் குறையும். எண்ணிக்கை பெருகும் வேகத்துக்கும் வரம்பு குறையும் வேகத்துக்கும் உள்ள இந்த இடைவெளியில் பத்தாயிரம் வெடிச் சரங்களுக்குங்கூட, ஏட்டளவில் இடம் இருந்தது. அவற்றின் ஒவ்வொரு வெடியும் 105 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவே. சத்தத்தை மட்டும் அளந்த விதி, சரத்திலிருந்து எழும் புகையையும் குப்பையையும் அளக்கவில்லை.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்த இடத்தில்தான் கைவைத்தது. காற்று மாசு, ஒலி, குப்பை ஆகியவற்றைக் காரணம் காட்டிச் சரவெடிகளின் உற்பத்தியும் விற்பனையும் பயன்பாடும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. பட்டாசுகளில் பேரியம் உப்பைப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டது. 125 டெசிபெல் வரம்பு தனிவெடிகளுக்குத் தொடர்கிறது. சரத்தின் 'ந'வுக்கோ இனி எந்த எண்ணையும் இட்டுப் பார்க்கும் தேவை இல்லாமற் போயிற்று. சரம் பின்னி அன்றாடக் கூலி பெற்ற சிவகாசி வட்டாரப் பெண்களில் பலர் தனிவெடிக்கும் மத்தாப்புக்கும் மாறினர், சிலர் பட்டாசுத் தொழிலையே விட்டு வேறு வேலை தேடிப் போயினர்.